கமராவை எங்கே வைத்தார்கள்? – திரைப்படக் கல்வியின் அடிப்படைச் சொற்கள்: கண்டியிலிருந்து ஒரு பார்வை



திரைப்படக் கல்வியின் அடிப்படைச் சொற்களைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். ஷாட், குளோசப், படத்தொகுப்பு என்று ஒரு பட்டியலை வாசித்துவிட்டு இறங்கிவிடலாம். அந்தப் பட்டியலுக்காக நீங்கள் மழையில் நனைந்து இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டியதில்லை. கண்டி நகரமும் அதைச் சுற்றிய மலைகளும் தொண்ணூறு ஆண்டுகளாகக் கமராவின் முன்னால் நின்றுவருகின்றன. உலகம் முழுவதும் ஓடிய படங்களுக்கு நம் ஆறும் நம் பள்ளத்தாக்கும் நம் தேயிலைச் சரிவும் முகம் கொடுத்திருக்கின்றன. ஆகவே பாடப்புத்தகச் சொற்களை நம் ஊரிலேயே வைத்துப் படித்துப் பார்ப்போம்.

ஒரு பள்ளி மாணவரின் கதையோடு தொடங்குகிறேன். டேவிட் லீன் ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்தைக் கித்துல்கலையில், களனி ஆற்றங்கரையில் எடுத்துக்கொண்டிருந்தார். படம் 1957இல் வெளியானது. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த அந்த மாணவர் மலைநாட்டுக்குப் பள்ளிச் சுற்றுலா வந்தபோது இந்தப் படப்பிடிப்பைப் பார்த்தார். நெறியாளர் “மழை” என்று உரக்கச் சொன்னார், மழை பெய்தது. மழையை வரவழைக்கும் அந்த மனிதரைப் போலத் தானும் ஆக வேண்டும் என்று மாணவர் அன்றே முடிவு செய்தார். அவர்தான் பாலு மகேந்திரா. இந்த நிகழ்வை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

திரைப்படக் கல்வியின் முதற்பாடம் இந்தக் கதைக்குள் இருக்கிறது. திரையில் மழை பெய்தால், யாரோ ஒருவர் அதைக் கேட்டிருக்கிறார். திரையில் ஒரு முகம் தெரிந்தால், யாரோ ஒருவர் அதைத் தேர்ந்திருக்கிறார். தெரியாத முகத்தையும் யாரோ ஒருவர்தான் விலக்கியிருக்கிறார். இந்தத் தேர்வுகளுக்கு நாம் இட்ட பெயர்களே கலைச்சொற்கள். பெயர் தெரிந்தால்தான் கேள்வி கேட்க வரும்.

1. சட்டகம்

முதற்சொல் சட்டகம், ஃபிரேம் என்றும் சொல்கிறோம். படச்சுருளில் ஒரு தனிப்படம் என்பது இதன் ஒரு பொருள். ஒரு செக்கனுக்கு 24 தனிப்படங்கள் ஓடினால், இரண்டு மணி நேரப் படத்தில் 1,72,800 தனிப்படங்கள். திரையின் நான்கு விளிம்புகளுக்குள் அடங்கும் பரப்பு என்பது இன்னொரு பொருள். நமக்கு முக்கியமானது இந்த இரண்டாவது பொருள்.

இதை விளக்க ஹொலிவூட்டுக்குப் போக வேண்டாம். பேராதனைக்குப் போனால் போதும். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். ‘கர்ணன் போர்’ 1962இலும் ‘இராவணேசன்’ 1964இலும் அரங்கேறின. ஊரில் வட்டக்களரியில், சுற்றிலும் சனங்கள் அமர்ந்திருக்க, விடிய விடிய ஆடிய கூத்து அது. அதைச் சுருக்கி, ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடைக்குள் அவர் அமைத்தார். அந்த மேடைக்கு நம் அரங்கியலாளர் வைத்திருக்கும் பெயரைக் கவனியுங்கள்: படச்சட்ட மேடை.

வட்டக்களரியில் கிழக்கே இருந்தவர், கூத்தை ஆட்டுவிக்கும் அண்ணாவியாரின் முதுகைப் பார்த்தார். மேற்கே இருந்தவர் முகத்தைப் பார்த்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு கூத்து. படச்சட்ட மேடை வந்ததும் எல்லாரும் ஒரே பக்கத்திலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று. ஆட்டக்காரரும் அந்தப் பக்கத்தை நோக்கியே திரும்ப வேண்டியதாயிற்று. சினிமா இதை இன்னும் ஒரு படி கொண்டுபோகிறது. பார்க்கும் திசையை மட்டுமன்றி, பார்க்கும் தூரத்தையும் நேரத்தையும் நமக்காக அதுவே முடிவு செய்துவிடுகிறது.

சட்டகத்துக்கு உள்ளே இருப்பதைப் போலவே வெளியே இருப்பதற்கும் திரைப்படக் கல்வியில் இடமுண்டு. அதைச் சட்டகப் புறவெளி என்று சொல்லலாம். ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் ‘இந்தியானா ஜோன்ஸ் அன்ட் த டெம்பிள் ஒஃப் டூம்’ 1984இல் வெளியானது. அதன் கிராமக் காட்சிகளுக்கான வீடுகளைக் கண்டியை அடுத்த ஹந்தானையில் அமைத்தார்கள். ஊர்ப் பெரியவராக நடித்தவர் சிங்களத் திரையுலகின் புகழ்பெற்ற கலைஞர் டி. ஆர். நாணாயக்கார. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கமராவுக்கு அப்பால் நின்று ஸ்பீல்பேர்க் ஒவ்வொரு வசனமாகச் சொல்ல, அவர் அதைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொன்னார். திரையில் அந்தப் பெரியவர் வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார். ஏதோ தெய்வவாக்கு இறங்குவதைப் போல இருக்கிறது. அந்த நிதானம், சட்டகத்துக்கு வெளியிலிருந்து வரும் அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்த நேரம். உள்ளே தெரிவதை வெளியே இருப்பது எப்படி ஆள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

2. ஷாட், காட்சி, காட்சித்தொடர்

கமரா ஓடத் தொடங்கி நிற்கும்வரை இடைவெட்டின்றிப் பதிவாகும் துண்டு ஒரு ஷாட். ஓரிடத்தில், தொடர்ந்த நேரத்தில் நடப்பது ஒரு காட்சி. அதற்குள் பல ஷாட்டுகள் இருக்கலாம். ஒரே செயலை அல்லது ஒரே எண்ணத்தைச் சுற்றிக் கோத்த பல காட்சிகள் சேர்ந்தால் காட்சித்தொடர். எழுத்தில் சொல், வாக்கியம், பத்தி என்று பிரிப்பதற்குக் கிட்டத்தட்ட ஒப்பானது இது. முழுக்க ஒப்பாகாது, ஒரு ஷாட்டுக்குள் ஒரு சொல்லைவிட மிக அதிகமான செய்தி இருக்கும்.

கண்டியின் எசல பெரஹரா ஊர்வலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தலதா வீதியில் பிற்பகலிலேயே பாய் விரித்து இடம்பிடித்து நடைபாதையில் அமர்கிறீர்கள். இரவில் ஊர்வலம் வரும்போது உங்கள் கண்மட்டத்தில் தெரிவது யானையின் கால்; அதில் கிடக்கும் சங்கிலி; தீப்பந்தத்திலிருந்து சிந்தி வீதியில் அணையும் நெருப்புத்துளி; ஆட்டக்காரரின் பாதத்தில் ஒட்டிய தூசி. இது அண்மைக் காட்சி, அதாவது குளோசப். அண்ணாந்து பார்க்கும்போது யானை வானத்தை மறைக்கிறது. இது தாழ்கோணம். பார்க்கப்படுவதைப் பெரிதாக்கி, பார்ப்பவரைச் சிறிதாக்கும் கோணம்.

அதே நேரத்தில் குவீன்ஸ் ஹோட்டலின் மேல்மாடத்தில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவருக்குத் தெரிவது ஒளியாலான ஓர் ஆறு. யானைகள் அதில் மிதக்கும் விளக்குகள். ஆட்டக்காரர்கள் ஒரே வீச்சில் அசையும் வெள்ளை வரிகள். நடைபாதையில் இருக்கும் நீங்கள் அவருக்கு ஒரு புள்ளி. இது தொலைக் காட்சி, உயர்கோணம். ஊர்வலம் ஒன்றுதான், ஷாட் இரண்டு. நடைபாதை ஷாட்டில் உழைப்பு தெரிகிறது. மேல்மாட ஷாட்டில் ஒழுங்கும் அழகும் தெரிகின்றன. இரண்டுமே உண்மை. ஆனால் சுற்றுலாப் பிரசுரத்துக்கு எது தேர்ந்தெடுக்கப்படுகிறது என்று பாருங்கள். கமராவை வைக்கும் இடத்துக்கும் அதை வைப்பவரின் தேவைக்கும் உள்ள உறவு விளங்கிவிடும்.

ஊர்வலத்துக்கு ஒரு வரிசையும் உண்டு. முதலில் சவுக்கடிப்போர், பிறகு கொடி ஏந்துவோர், மேளக்காரர், ஆட்டக்காரர், பேழை சுமந்த மாளிகை யானை. தலதா மாளிகையின் பெரஹராவைத் தொடர்ந்து நாத, விஷ்ணு, கதிர்காம தேவாலயங்களின் ஊர்வலங்கள். நிறைவாகப் பத்தினி தேவாலயத்தின் ஊர்வலம். நாம் கண்ணகி என்று அழைக்கும் அதே பத்தினி. இப்போது ஒருவர் மாளிகை யானை கடந்துபோனதும் கமராவை மூடி வைத்துவிட்டால், அவருடைய படத்தில் பத்தினி இல்லை. அவர் பொய் எதுவும் காட்டவில்லை. எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்தார், அவ்வளவுதான். அந்த முடிவுக்குப் பெயர் படத்தொகுப்பு.

3. படத்தொகுப்பு

ஷாட்டுகளைத் தேர்ந்து, வெட்டி, வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது படத்தொகுப்பு. ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு நேராகத் தாவினால் வெட்டு. ஒன்று மங்க மங்க மற்றொன்று அதன்மேல் தெளிந்தால் கரைவு. ஷாட்டுகளை மோதவிட்டு, தனித்தனியே எதிலும் இல்லாத பொருளைப் பிறப்பித்தால் மொன்டாஜ்.

1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் சில சோதனைகள் செய்தார். வெவ்வேறு ஊர்களில் எடுத்த ஷாட்டுகளை அடுத்தடுத்து வைத்தால், பார்ப்பவரின் மனம் அவற்றை ஒரே ஊராகச் சேர்த்துக்கொள்கிறது என்று கண்டார். படைப்புப் புவியியல் என்று இதை அழைக்கிறார்கள்.

இந்தச் சோதனையின் மிகப் பெரிய வடிவம் ஒன்று நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. ‘டெம்பிள் ஒஃப் டூம்’ படத்தின் இறுதியில் வரும் கயிற்றுப் பாலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அப்போது கட்டுமானத்தில் இருந்த விக்டோரியா அணைக்கு அருகில், மகாவலியின் பள்ளத்தாக்கில், அணைப் பொறியியலாளர்களின் உதவியோடு அந்தப் பாலத்தைக் கட்டினார்கள். பாலம் அறுந்து விழுவதை ஒரே தடவைதான் எடுக்க முடியும். ஆகவே பல கமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள். விழுந்தவை கைகால் அசையும் பொம்மைகள். நடிகர்கள் பாலத்தில் தொங்கிப் போராடும் நெருக்கமான ஷாட்டுகள் இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டவை. கீழே வாய்பிளந்து காத்திருக்கும் முதலைகளுக்கான ஷாட்டுகள் அமெரிக்காவின் புளோரிடாவில் எடுக்கப்பட்டவை. மூன்று நாடுகளை ஒட்டவைத்து ஒரு பள்ளத்தாக்கு உருவாகிறது. கதையில் அது இந்தியா. ஆக, நான்காவதாக ஒரு நாடு.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது வியக்கத்தக்க வேலை; நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஹந்தானைச் சரிவில் நின்ற மனிதர்கள் உலகத்துக்கு வேறொரு நாட்டின் பசித்த கிராமத்தவராக அறிமுகமானார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். வெட்டு என்ற சொல்லின் முழு வலிமை அங்கேதான் தெரிகிறது. அது படச்சுருளை மட்டும் வெட்டுவதில்லை. ஒரு நிலத்தை அதன் பெயரிலிருந்தும் வெட்டிவிடும்.

4. காட்சியமைப்பு

சட்டகத்துக்குள் வைக்கப்படும் அனைத்தையும் — இடம், ஒளி, உடை, பொருள்கள், நடிகர் நிற்கும் நிலை, அசைவு — சேர்த்துக் காட்சியமைப்பு என்கிறோம். பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த மிஸ் ஒன் சீன் என்ற சொல்லையும் நூல்களில் காண்பீர்கள்.

நம் நாட்டுப் படங்களில் இது எப்படி மாறியது என்று பாருங்கள். முதல் சிங்களப் பேசும்படமான ‘கடவுணு பொறொந்துவ’ 1947இல் வெளியானது. அதைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர், படமாக்கப்பட்டது மதுரையில். தொடக்ககாலச் சிங்களப் படங்கள் பெரும்பாலும் தென்னிந்திய ஸ்டூடியோக்களில், தீட்டிய திரைச்சீலைகளின் முன்னால் உருவாயின. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘ரேகாவ’ படத்துக்காகக் கமராவை ஸ்டூடியோவுக்கு வெளியே, கிராமத்து வெயிலுக்குக் கொண்டுபோனார். மண்ணும் மரமும் வீட்டுத் திண்ணையும் காட்சியமைப்பின் பகுதியாயின. 1965இல் புதுதில்லித் திரைப்பட விழாவில் அவருடைய ‘கம்பெரலிய’ தங்க மயில் விருது பெற்றது.

தமிழில் இந்த வெயிலைப் புரிந்தவர் அந்த அமிர்தகழி மாணவர், பாலு மகேந்திரா. ‘வீடு’ படத்தில் வரும் அரைகுறைச் சுவரையும் செங்கல்லையும் கிடைக்கும் ஒளியிலேயே நம்பி எடுத்தார். ‘மழை’ என்ற ஒரு சொல்லால் ஈர்க்கப்பட்டு வந்தவர், செயற்கையாக எதையும் வரவழைக்காமல் இயற்கையின் ஒளிக்காகக் காத்திருப்பதில் போய் நின்றார். ஒரு கலைஞரின் வளர்ச்சி என்று நான் இதைத்தான் சொல்வேன்.

5. ஒலி

இப்போது இந்த உரையின் மையத்துக்கு வருகிறேன். 1934இல் பசில் ரைட் என்ற இளம் ஆங்கிலேயர் ‘சோங் ஒஃப் சிலோன்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். தயாரிப்பாளர் ஜோன் கிரியர்சன். பணம் தந்தது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைந்த, நான்கு பகுதிகள் கொண்ட படம். உலகத் திரைப்படக் கல்வி நூல்களில் ஒலியைப் பற்றிய பாடத்தில் இதற்கு ஓர் இடமுண்டு.

கதையுலகுக்குள் பிறக்கும் ஒலி ஒரு வகை: பாத்திரங்கள் பேசுவது, கதவு சாத்துவது. கதையுலகுக்கு வெளியிலிருந்து சேர்க்கப்படும் ஒலி இன்னொரு வகை: பின்னணி இசை, விவரணைக் குரல். இவற்றோடு முரண் ஒலி என்றும் ஒன்று உண்டு. படம் ஒன்றைச் சொல்ல, ஒலி வேறொன்றைச் சொல்லும். இரண்டும் உரசும் இடத்தில் பொருள் பிறக்கும்.

ரைட் இங்கே படம்பிடித்தார். ஒலி பின்னர் இங்கிலாந்தில் சேர்க்கப்பட்டது. விவரணைக் குரல் கொழும்பைச் சேர்ந்த கலைஞர் லயனல் வென்ட்டுடையது. அவர் வாசிக்கும் பகுதிகள் பெரும்பாலும் றொபட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து வந்தவை. கண்டி அரசில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறைக்கைதியாக, அதன் கிராமங்களில் வாழ்ந்த அதே நொக்ஸ்.

படத்தின் மூன்றாம் பகுதி வணிகத்தின் குரல்களைப் பற்றியது. படத்தில் ஒருவர் தென்னையில் ஏறுகிறார். தேயிலைச் சரிவில் பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள். ஒலியிலோ சந்தை விலைகள், கப்பல் அறிவிப்புகள், தந்தி ஓசை, வணிகக் கடிதம் சொல்லும் குரல்கள். மலையில் ஒரு கை கொழுந்தைக் கிள்ளும்போது இலண்டனில் ஒரு வாய் விலை சொல்கிறது. விளக்கவுரை எதுவும் இல்லாமலே, ஒலியையும் படத்தையும் உரசவிட்டு, குடியேற்றப் பொருளாதாரத்தின் இயக்கத்தை ரைட் காட்டிவிட்டார். விளம்பரத்துக்காகக் கொடுக்கப்பட்ட பணத்தில் இதைச் செய்ய முடிந்தது பெரிய சாதனை.

தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்கு ஒருமுறை இந்தப் பகுதியைத் திரையிட்டுக் காட்டினேன். முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: “சேர், அந்த அம்மாவுக்கு அன்னைக்கு முழுப்பேரா, அரைப்பேரா?”

நகரத்தவருக்காக விளக்குகிறேன். குறித்த நிறை கொழுந்து பறித்தால் செக்ரோலில், அதாவது தோட்டத்து வரவுப் பதிவேட்டில், முழு நாள் விழும், அது முழுப்பேர். நிறை குறைந்தால் அரை நாட்சம்பளம், அது அரைப்பேர். அவளுடைய வீட்டில் அன்றாடம் மாலை கேட்கப்படும் கேள்வி அது. நான் எத்தனையோ முறை அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். ஒலியமைப்பைப் பற்றி எழுதியும் இருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. இலண்டன் விலை கேட்கிறது. பறித்தவரின் பேர் கேட்கவில்லை. அந்தப் பெண்களின் உதடுகள் அசைந்திருக்கலாம். அவர்களுடைய தமிழ் எங்கும் பதிவாகவில்லை. முரண் ஒலி என்ற கலைச்சொல்லை நான் நூலில் கற்றேன். அதன் எதிரொலியாக ஒரு மௌனமும் உண்டு என்பதை அந்த மாணவியிடம் கற்றேன்.

6. பார்வைக்கோணம்

கடைசியாக ஒரு சொல். யாருடைய கண்ணால் கதை காட்டப்படுகிறது என்பது பார்வைக்கோணம். ஒரு பாத்திரம் பார்ப்பதை அப்படியே கமரா பார்த்தால் அது பார்வைக்கோண ஷாட். ஆனால் ஒரு முழுப் படமும் யாரோ ஒருவரின் பக்கம் சாய்ந்து நிற்கலாம்.

2023இல் வெளிவந்த பிரசன்ன விதானகேயின் ‘பாரடைஸ்’ படத்தைப் பார்த்திருப்பீர்கள். பூசான் விழாவில் கிம் ஜிசோக் விருது பெற்ற படம். 2022இன் பொருளாதார நெருக்கடியின் நடுவே கேரளத்திலிருந்து ஒரு தம்பதி மலையகத்துக்குச் சுற்றுலா வருகிறார்கள். அவர்களின் பொருள்கள் களவு போகின்றன. பொலிஸ் பிடித்துவருவது தோட்டத் தமிழரை. நாம் பெரும்பாலும் அந்தப் பயணிகளோடு, அவர்களுடைய வாகனத்துக்குள்ளும் விடுதிக்குள்ளும் இருந்தே இதைப் பார்க்கிறோம். கணவனின் பார்வையும் மனைவியின் பார்வையும் மெல்ல மெல்லப் பிரிகின்றன. அந்தப் பிரிவில்தான் படம் தன் நீதியைச் சொல்கிறது. தோட்டத்து மனிதரை வெளியாரின் கண்ணால் பார்ப்பது எவ்வளவு சுலபம், எவ்வளவு ஆபத்து என்பதை அந்தப் பார்வைக்கோணமே நமக்கு உணர்த்துகிறது.

உள்ளிருந்து பார்க்கும் முயற்சிகளும் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1963இல் ‘தோட்டக்காரி’ வந்தது. தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் 1975இல் ‘புதிய காற்று’ படத்தைத் தயாரித்து நடித்தார். தம்பிஐயா தேவதாஸ் இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதையை நூலாகத் தந்திராவிட்டால் இவற்றில் பலவற்றின் பெயர்கூட நமக்கு எஞ்சியிராது. அந்தப் படங்களின் குறைகளைப் பேசலாம், பேசவும் வேண்டும். முதலில் அவற்றை ஷாட் ஷாட்டாகப் பார்த்துப் பேச வேண்டும்.

நிறைவாக

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஷாட் என்பதா, காட்சித்துண்டு என்பதா? குளோசப் என்பதா, அண்மைக் காட்சி என்பதா? படப்பிடிப்புத் தளத்தில் எது வேலைக்கு ஆகிறதோ அது நிற்கும். படத்தொகுப்பு, ஒளிப்பதிவு, நெறியாள்கை ஆகியவை இன்று யாருக்கும் அந்நியமாகப் படுவதில்லை. நாம் புழங்கப் புழங்க மற்றவையும் பழகிவிடும். ஒரு கட்டுரைக்குள் ஒரே பொருளுக்கு ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள். அந்தச் சொல்லுக்கு ஒரு படத்திலிருந்து ஒரு ஷாட்டையாவது காட்டுங்கள். அது போதும்.

மாணவ நண்பர்களே, உங்கள் ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் இன்று ஒரு கமரா இருக்கிறது. பசில் ரைட்டுக்கு ஒரு சபை பணம் கொடுக்க வேண்டியிருந்தது, உங்களுக்கு வேண்டாம். அடுத்த விடுமுறையில் உங்கள் ஊரில் ஐந்து நிமிடப் படம் ஒன்று எடுங்கள். கொழுந்து நிறுக்கும் இடத்திலோ, உங்கள் வீட்டு அடுப்படியிலோ, கண்டிச் சந்தையிலோ எடுங்கள். எடுக்கும் முன் இந்த மண்டபத்தில் கேட்ட ஆறு சொற்களையும் ஆறு கேள்விகளாக மாற்றிக்கொள்ளுங்கள். சட்டகத்துக்கு வெளியே யாரை விடுகிறேன்? எவ்வளவு தூரத்தில், எந்த உயரத்தில் நிற்கிறேன்? எங்கே வெட்டுகிறேன்? எதை எங்கே வைக்கிறேன்? யாருடைய குரல் கேட்கிறது? யாருடைய கண்ணால் பார்க்கிறேன்?

படத்தின் இறுதியில் எழுத்தோட்டம் வரும். அதில் நீங்கள் படம்பிடித்த ஒவ்வொருவரின் பெயரையும், அவர்களுடைய சம்மதத்தோடு, முழுமையாக எழுதுங்கள். தொண்ணூறு ஆண்டுகளாக இந்த மலைகளில் கமராவின் முன்னால் நின்றவர்களுக்கு அரைப்பேர்தான் விழுந்திருக்கிறது. முழுப்பேர் போட வேண்டியவர்கள் நீங்கள்.